விண்ணும் கடலும்: ஆர்தர் சி. கிளார்க்

விண்வெளியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும் ஒரு வெப்பமண்டலத் தீவில் கழித்தார். அவரை அங்கு அழைத்தது வானமன்று, கடல்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் 1917 டிசம்பர் 16 அன்று அவர் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். பல்கலைக்கழகம் செல்ல வசதியின்றி 1936இல் இலண்டனை அடைந்து அரசுத் தணிக்கைப் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது வான்படையின் ரேடார் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த 1945இல், அக்டோபர் மாதத் தொழில்நுட்ப இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை வெளியானது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், புவியின் சுழற்சியோடு இணைந்து செல்வதால், வானில் ஓரிடத்தில் நிலைத்திருப்பதாகத் தோன்றும்; அத்தகைய மூன்று இருந்தால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று அதில் விளக்கியிருந்தார். முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏறுவதற்கு 12 ஆண்டுகளுக்கு முந்தைய கருத்து இது. பின்னரே அவர் கல்லூரியில் சேர்ந்து, 1948இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

எடையற்ற நிலையில் மனித உடல் எவ்வாறு உணரும் என்று அறிய அவர் விரும்பினார். அன்று மனிதர் எவரும் விண்வெளிக்குச் சென்றதில்லை. அந்நிலையை ஓரளவு உணர்த்தவல்லது நீர் ஒன்றே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லின் எடையால் ஆழத்திற்கு இறங்கினர். அவர்கள் அங்கே தங்கியது ஒரு மூச்சளவே. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி இந்நிலையை மாற்றியது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முதுகில் சுமக்கும் கலனில் அடைத்த காற்றைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாக அக்கருவி அளிப்பதால், மூழ்குபவர் இயல்பாக மூச்சுவிட இயலும். மைக் வில்சன் என்னும் இளம் நண்பரின் துணையால் கிளார்க் இக்கலையில் ஈடுபட்டார்.

1954 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டைக் காணச் செல்லும் வழியில், அவர் பயணம் செய்த கப்பல் கொழும்பில் சில மணிநேரம் நின்றது. தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையில் பணிபுரிந்த ரோட்னி யோங்கிளாஸ் அவரைச் சந்தித்து, இலங்கைக் கடலின் வளத்தை எடுத்துரைத்தார். 1956இல் கிளார்க் வில்சனுடன் இலங்கைக்கு வந்தார். பின்னர் அதுவே அவருக்கு வீடாயிற்று. ஓய்வைத் தேடி வந்தவராக அவரைக் கருதுவது பொருந்தாது; நாள்தோறும் எழுதியே அவர் பிழைத்தார்.

அவ்வாண்டிலேயே இருவரும் திருகோணமலைக் கடலில் மூழ்கினர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசுவரம் அங்குள்ள செங்குத்துப் பாறைமீது நின்றது. 1620களில் போர்த்துக்கீசியர் அதனை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லை அக்கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். செஞ்சிக்கு அருகில், தளவானூரில் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரத்தைக் கண்ட மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மலையைக் குடைந்த கோயிலைப் பெயர்த்தெடுத்தல் அரிது. கல்மேல் கல்லடுக்கிய கோயிலோ எளிதில் மதிலாகிவிடும். எஞ்சிய கற்கள் கடலில் வீழ்ந்தன என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவந்த செய்தி. பாறையின் அடியில் செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கிளார்க்கும் வில்சனும் நேரில் கண்டு பதிவு செய்தனர். மறுஆண்டு வெளியான இலங்கைக் கடல் பற்றிய நூலில் கிளார்க் இதனை விரிவாக எழுதினார். வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி எனப் பெயர் பெற்றார்.

1961இல் இலங்கையின் தென்கிழக்கே, சிங்களவர் மகா இராவணன் கோட்டை என வழங்கும் பாறைத்திட்டின் அருகில் வில்சனும் அமெரிக்கச் சிறுவர் இருவரும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டனர். ஔரங்கசீப் ஆட்சியில், 1702ஆம் ஆண்டளவில் சூரத்தில் அச்சிட்ட வெள்ளி நாணயங்கள், பை மக்கிய பின்னும் பையின் வடிவிலேயே இறுகிக் கிடந்தன.

மறுஆண்டில் கிளார்க்கின் உடல் செயலிழந்தது. மெல்லத் தேறி மீண்டும் கடலில் இறங்கினார் எனினும், பல ஆண்டுகளுக்குப்பின் அத்தளர்ச்சி திரும்பி அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. நிலத்தில் நடக்க இயலாதவர்க்கும் நீரில் கால்கள் சுமையாவதில்லை. விண்வெளியை அறிவதற்காகக் கற்ற கலை, நோயுற்ற உடலுக்கு விடுதலையாகவும் அமைந்தது. இவ்வாழ்க்கையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது இதுவே எனத் தோன்றுகிறது.

1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக, இந்தியா ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது இந்தியப் பொறியாளர்கள் கொழும்பு சென்று கிளார்க்கின் இல்லத்தில் அலைவாங்கி ஒன்றை நிறுவினர். தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதை அவர் தம் வீட்டிலேயே கண்டார். 1979இல் வெளியான புதினத்தில், புவியிலிருந்து விண்ணுக்குச் செல்லும் மின்தூக்கியை இலங்கையை ஒத்த தீவில் அமைத்தார். அதற்கு நிலநடுக்கோட்டில் அமைந்த மலை தேவைப்பட்டதால், தீவையே கற்பனையில் தெற்கே நகர்த்திக்கொண்டார்! அவ்வாண்டு முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

2004 டிசம்பரில் தாக்கிய ஆழிப்பேரலை, இக்கடுவையில் இருந்த அவருடைய நீர்மூழ்குப் பயிற்சி நிலையத்தை அழித்தது. 2008 மார்ச் 19 அன்று, 90ஆம் வயதில் கிளார்க் கொழும்பில் மறைந்தார். அவரது உடல் பொரளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.