அடைக்கலம் தந்த விருப்பாட்சிப் பாளையக்காரர்

திண்டுக்கல் பேகம்பூருக்குப் பெயர் தந்தவர் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம். அந்த அம்மையாரின் சமாதி இன்றும் அங்கே உள்ளது. ஹைதரின் கொடி திண்டுக்கல் கோட்டையில் பறந்த அந்நாளில், மேற்கே பழனி மலையடிவாரத்தில் விருப்பாட்சிப் பாளையத்தை ஆண்டு வந்தார் கோபால நாயக்கர்.

1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், மகளுடன் விருப்பாட்சிக்கு வந்து சேர்ந்தார். ராணியின் குலம் வேறு, நாயக்கரின் குலம் வேறு. ஆற்காட்டு நவாபின் பகையும் கும்பினியின் பகையும் தம்மைச் சேரும் என்று தெரிந்தும் நாயக்கர் தயங்கவில்லை. ஏறத்தாழ எட்டாண்டுகள் ராணியைக் காத்தார். ஹைதரின் படையுதவியோடு ராணி 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

1792-இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினி வசமாயிற்று. தலைமுறை தலைமுறையாக மலையும் காடும் ஊர்க்காவலும் தங்களுடையவை என்றிருந்த பாளையக்காரர்களிடம் கும்பினி கிஸ்தி கேட்டது. கட்டத் தவறியவர்களின் பாளையங்கள் பறிபோயின.

நாயக்கர் அக்கம்பக்கத்துப் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தார். மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூசை நாயக்கரும் கைகோத்தனர். சிவகங்கை மருது சகோதரர்கள், மலையாளத்துக் கேரளவர்மா, கன்னட நாட்டுத் தூந்தாஜி வாக் ஆகியோருடனும் தொடர்பு ஏற்பட்டது. மொழியும் மதமும் குறுக்கே நிற்கவில்லை.

1800 ஜூன் 3-ஆம் நாள் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். அது பலிக்கவில்லை. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் தூந்தாஜி போரில் மாண்டார். வடக்கிலிருந்து வர வேண்டிய உதவி அதோடு நின்றது. கும்பினிப் படை விருப்பாட்சியைக் கைப்பற்ற, நாயக்கர் மலைக்காட்டில் புகுந்து போராடினார். 1801-இல் அவர் பிடிபட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபாலசமுத்திரக் குளம் அவர் பெயரால் வழங்குவதாகச் சொல்வர்.

அடுத்த மாதமே காளையார்கோவில் வீழ்ந்தது. அங்கிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, திண்டுக்கல் மலைகளை நாடி வந்தார். வேலு நாச்சியார் வந்தபோது திறந்த கதவு இப்போது இல்லை. ஊமைத்துரை வத்தலக்குண்டுப் பக்கம் பிடிபட்டு, நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். நாயக்கர் ஒருவர் போனதால் இந்த மலைநாடு எதை இழந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.