இராஜாஜியின் அரசியல் எழுத்து: கட்டுப்பாடும் சுதந்திரமும்

முன்னுரை

தமிழ் வாசகர் நினைவில் இராஜாஜி (1878–1972) இருவராக நிலைத்துள்ளார். ஒருவர் பாரத, இராமாயணக் கதைகளை எளிய உரைநடையில் தந்த எழுத்தாளர். மற்றவர் முதலமைச்சராகவும் இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும் விளங்கிய ஆட்சியாளர். இவ்விருவரையும் இணைப்பவர் அவருள் இருந்த அரசியல் விமரிசகர். மரபைப் போற்றிய அவ்விமரிசகரின் வாழ்வையும் கருத்தையும் இக்கட்டுரை நோக்குகிறது.

எழுத்துப் பணி

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார்; காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அத்தொழிலைத் துறந்தார். திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. குடியால் கூலியை இழக்கும் ஏழையின் வீட்டை அவனுக்கே புரியும் மொழியில் காட்டுவது இதழின் நோக்கம். சிறு வாக்கியம், கதைவழி விளக்கம், அலங்காரம் தவிர்த்தல் என்னும் அவரது நடைப்பண்புகள் இத்தேவைக்குப் பொருந்தியவை. பிற்காலத்தில் 'கல்கி' இதழில் தமிழிலும் 'சுவராஜ்யா' இதழில் ஆங்கிலத்திலும் எழுதியபோதும் இந்நடை மாறவில்லை.

கருத்துநிலை

1952இல் முதலமைச்சரானதும் அவர் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். வணிகத்தின்மீது அரசு செலுத்தும் அதிகாரம் ஊழலை வளர்க்கும் என்னும் எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது. காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் கூட்டுப்பண்ணை முறையை முன்வைத்த 1959இல், தம் எண்பதாம் வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றால் நடைபெறும் ஆட்சியைத் தம் பத்திகளில் இடைவிடாது சாடினார். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது.

ஆயினும் அவரது கருத்துநிலை முரணற்றதன்று. பொருளியலில் அரசு விலகவேண்டும் என்றவரே மதுவிலக்கில் அரசின் கையை நாடினார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரே, பின்னர் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து ஆங்கிலம் நீடிக்க வாதிட்டார். சாதி மரபைக் கடந்து தம் மகளைக் காந்தியடிகளின் மகனுக்கு மணம்செய்வித்தவர், 1953இல் கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம் குலத்தொழிலை நிலைநிறுத்துவதெனக் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார். அத்திட்டத்தைப் பொருத்தவரை, மரபின் பயனைக் கண்ட அவர், அம்மரபால் தாழ்த்தப்பட்டோரின் அச்சத்தை உரிய அளவில் உணரவில்லை என்றே கூறவேண்டும்.

இம்முரண்களுள் மதுவிலக்குக்கேனும் ஓர் அடிப்படை காணலாம். மனிதன் தன்னைத் தானே அடக்கியாளும் அறமே அவர் போற்றிய மரபின் உயிர். அவ்வறத்தின் இடத்தை அரசு கைப்பற்றுவதை எதிர்த்தார். அதனைக் குலைக்கும் மதுவைத் தடுக்க அரசைத் துணைகொண்டார்.

முடிவுரை

1967இல் தி.மு.க.வுடன் கூட்டணி கண்டு காங்கிரசை வீழ்த்தத் துணைநின்ற இராஜாஜி, 1971இல் அக்கட்சியின் ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியதைக் காண நேர்ந்தது. அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்தவர், தாம் பெரிதும் விரும்பிய கட்டுப்பாடு நீங்கியதைத் தடுக்க இயலாதவராய் 1972 டிசம்பர் 25இல் மறைந்தார். தனிமனித உரிமைக்கும் சமூக அறத்துக்கும் எல்லை எங்கே என்னும் வினாவே அவரது அரசியல் எழுத்தின் மையமாகும்.