தமிழுக்காகத் தன் பெயரையே மாற்றிய மறைமலை அடிகள்

வாசகர்கள் பாராட்டிய புத்தகத்தைத் திரும்ப எடுத்துத் திருத்தி எழுத யாருக்காவது மனம் வருமா? பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகளுக்கு வந்தது.

அடிகள் 1876-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி நாகப்பட்டினத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துபோனார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளை என்ற புலவரிடம் தமிழ் கற்றார். 1898-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார். 1902-ல் 'ஞானசாகரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் வடமொழிச் சொற்களைக் கலந்து எழுதுவார்கள். அடிகளும் முதலில் அப்படித்தான் எழுதினார்.

பல்லாவரத்துக்கு வந்தார்

1911-ல் கல்லூரி வேலையை விட்டார். துறவுக் கோலம் பூண்டு பல்லாவரத்தில் குடியேறினார். மனைவி மக்கள் உடன் இருந்தார்கள். மாதச் சம்பளம் கிடையாது. புத்தகம் விற்க வேண்டும். கூட்டங்களுக்குப் பேச அழைக்க வேண்டும். வாசகர்களை நம்பித்தான் குடும்பம் நடந்தது.

இந்த நிலையில்தான் 1916-ல் ஒரு மாறுதல் ஏற்பட்டது. வள்ளலார் பாட்டு ஒன்றில் 'தேகம்' என்ற சொல் வந்தது. அங்கே 'யாக்கை' என்ற தமிழ்ச் சொல் இருந்தால் இன்னும் இனிக்குமே என்று மகள் நீலாம்பிகையிடம் அடிகள் சொன்னார். இனி நாமே கலப்பில்லாமல் எழுதலாமே என்றார் மகள். தனித்தமிழ் இயக்கம் இப்படிப் பிறந்ததாகச் சொல்வார்கள்.

சுவாமி வேதாசலம் 'மறைமலை அடிகள்' ஆனார். வேதம் என்றால் மறை; அசலம் என்றால் மலை; சுவாமி என்றால் அடிகள். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. 1903-ல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சி நூலையும் விடவில்லை. மறுபதிப்பில் வடசொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களைச் சேர்த்தார்.

நடை கடினம் என்று சிலர் குறை கூறினார்கள். சிலர் கேலி செய்தார்கள். அடிகள் நடையை மாற்றவில்லை. ஆனால் வாசகர்களை ஒதுக்கவும் இல்லை. அவர்களுக்கு வேண்டிய விஷயங்களைத் தேடி எழுதினார். 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்று கதை எழுதினார். எதைச் சாப்பிடலாம், நூறு ஆண்டு வாழ்வது எப்படி என்றெல்லாம் புத்தகம் போட்டார். விஷயத்தில் வாசகர் பக்கம் வந்தார். மொழியில் தன் மனச்சாட்சிப்படி நின்றார்.

1950-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பல்லாவரத்தில் காலமானார். அவர் சேர்த்து வைத்த சுமார் 4 ஆயிரம் புத்தகங்களைக் கொண்டு 1958-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் திறக்கப்பட்டது.

பல்லாவரத்தில் ரெயில் ஏறித் தாம்பரத்தைத் தாண்டிச் சென்றால் மறைமலைநகர் என்ற ஊர் வரும். அவர் தானே சூட்டிக்கொண்ட தமிழ்ப் பெயர்தான் அந்த ஊருக்கும் பெயர்.