மாத்திரை விலையை மாற்றிய நீதிபதி: யார் இந்த ராஜகோபால ஐயங்கார்?

மதுரை விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டோரம் இருக்கும் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் என்று மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்கள்தான் அதிகம். மருந்து ஒன்றுதான், ஆனால் அதையே ஐந்தாறு கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒரு கம்பெனி அட்டை இல்லையென்றால் கடைக்காரர் இன்னொன்றை எடுத்துக் காட்டுவார்.

ஒரு காலத்தில் இந்தியாவில் இது சட்டப்படியே முடியாத காரியம். அதை மாற்றியதில் பெரிய பங்கு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.ராஜகோபால ஐயங்காருக்கு உண்டு.

அப்போது என்ன பிரச்னை?

சுதந்திரம் கிடைத்த பிறகும் நாட்டில் இருந்தது பிரிட்டிஷ் காலத்து 1911-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். ஒரு மருந்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டால், 16 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைத் தொட முடியாது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டு நிறுவனங்கள். அவர்கள் இங்கே தொழிற்சாலை வைக்கவில்லை. மருந்தை இறக்குமதி செய்து, சொன்ன விலைக்கு விற்றார்கள்.

விளைவு? 1959-ல் விசாரணையைத் தொடங்கிய அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே, மருந்து விலை உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று கண்டறிந்தது. ஏழை நாடு, பணக்கார விலை.

ஐயங்கார் என்ன செய்தார்?

ஏற்கெனவே நீதிபதி பக்‌ஷி டேக் சந்த் தலைமையிலான குழு 1950-ல் அறிக்கை கொடுத்திருந்தது. அதை ஒட்டி 1953-ல் வந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 1957-ல் மத்திய அரசு இந்த வேலையை ஐயங்காரிடம் ஒப்படைத்தது.

அவர் பல நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இந்தியாவில் யார் காப்புரிமை வைத்திருக்கிறார்கள் என்று கணக்கும் எடுத்தார். 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டினர் கையில் இருந்தது. அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை.

காப்புரிமையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது நாட்டுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல். இங்கே பொருளைத் தயாரிக்காமல் உரிமையை மட்டும் பூட்டி வைத்தால் நாட்டுக்கு என்ன லாபம் என்பதுதான் அவர் வாதத்தின் அடிப்படை. 1959 செப்டம்பரில் அறிக்கையைக் கொடுத்தார்.

பொருளா, செய்முறையா?

அறிக்கையின் முக்கியப் பரிந்துரை இதுதான்: உணவு, மருந்து, ரசாயனங்களில் பொருளுக்குக் காப்புரிமை கூடாது, அதைத் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டும் கொடுக்கலாம்.

மதுரை பாஷையில் சொன்னால், ஜிகர்தண்டாவுக்கே காப்புரிமை கொடுத்தால் ஊரில் ஒரே கடைதான் அதை விற்க முடியும். ஒருவரின் செய்முறைக்கு மட்டும் கொடுத்தால், வேறு வழியில் செய்து பக்கத்துக் கடைக்காரரும் விற்கலாம். போட்டி வரும், விலை இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

இது ஐயங்கார் புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. ஜெர்மனி 1877-லேயே ரசாயனங்களுக்கு இப்படித்தான் சட்டம் வைத்து, தன் ரசாயனத் தொழிலை வளர்த்தது. பிரிட்டனும் 1919 முதல் 1949 வரை இதே வழியில் போனது. தாங்கள் வளரும்போது பயன்படுத்திய ஏணியை வளர்ந்த நாடுகள் பிறகு விட்டுவிட்டன. அதே ஏணியை இந்தியாவுக்கும் கேட்டார் ஐயங்கார்.

11 ஆண்டு காத்திருப்பு

அறிக்கை வந்தவுடன் சட்டம் வந்துவிடவில்லை. 1965-ல் மசோதா வந்து காலாவதியானது. 1967-ல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1970-ல்தான் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 20 முதல் அமலானது. மருந்து செய்முறைக்கான காப்புரிமைக் காலம் 5 முதல் 7 ஆண்டுகளாகச் சுருங்கியது.

இதற்குள் ஐயங்கார் 1960-ல் உச்ச நீதிமன்றம் போய், 1964-ல் ஓய்வும் பெற்றுவிட்டார். அங்கே அவர் எழுதிய தீர்ப்புகளில் 1962-ம் ஆண்டு கரக் சிங் வழக்கு பிரபலம். இரவில் வீடு புகுந்து போலீஸ் கண்காணிப்பது செல்லாது என்றார். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தப் பகுதியை 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 1968 முதல், எமர்ஜென்சியில் கலைக்கப்படும் வரை, இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கும் அவர்தான் தலைவர்.

சட்டம் என்ன மாற்றியது?

இந்திய கம்பெனிகள் மாற்று செய்முறைகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தன. 2001-ல் சிப்லா நிறுவனம், எச்.ஐ.வி. கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேற்கத்திய நாடுகளில் அப்போது அதன் விலை 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேருக்குச் சிகிச்சை எட்டியதில் இந்திய ஜெனரிக் மருந்துகளுக்குப் பெரிய பங்குண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொருளுக்குக் காப்புரிமை இல்லாததால்தான் இந்திய கம்பெனிகள் நகலெடுப்பதிலேயே நின்றுவிட்டன, புது மருந்து ஆராய்ச்சியில் பணம் போடவில்லை என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

இப்போது நிலை என்ன?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, 2005 முதல் இந்தியா மருந்துப் பொருளுக்கே 20 ஆண்டு காப்புரிமை கொடுக்கிறது. ஆனால் ஒரு தடுப்பும் வைத்தது: பிரிவு 3(டி). தெரிந்த மருந்தின் வடிவத்தை லேசாக மாற்றிவிட்டு, அதன் பலன் கூடாமல், புதுக் காப்புரிமை கேட்க முடியாது.

இதன் முதல் பெரிய சோதனை சென்னையில் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை, 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆகும் மருந்து அது. இந்திய ஜெனரிக் சுமார் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. நோயாளிகளுக்கு அந்த வழக்கு உயிர்ப் பிரச்னை.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்டிஸின் கோரிக்கையை நிராகரித்தது. இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை விளக்க, நீதிபதிகள் விரிவாக எடுத்துப் பேசியது 54 ஆண்டுகளுக்கு முந்தைய ஐயங்கார் அறிக்கையைத்தான்.