புரதத்துக்கு வரைபடம் போட்ட ஜி.என்.ராமச்சந்திரன்

புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தப்பா மடிஞ்சா நோய். அது எப்படியெல்லாம் மடிய முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தவரை, இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சி.வி.ராமன்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். அணுக்கள் ரொம்ப நெருங்கி இருக்கே என்று எதிர்ப்பு வந்தது. அப்படின்னா எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் சேர்ந்து விடை தேடினார். 1963-ல் பிறந்தது ‘ராமச்சந்திரன் வரைபடம்’. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று அது காட்டுகிறது. புதிய புரத வடிவங்களை இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நோபல் மட்டும் வரவில்லை.

கடைசிக் காலத்தில் அவரைப் பிடித்தது பார்க்கின்சன். மூளையில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து திரள்வதே அதன் அடையாளம். 2001-ல் சென்னையில் காலமானார். அந்தத் திரளைத் தடுக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.