முத்துலட்சுமி ரெட்டி: ஒரு மெடிக்கல் டிகிரிக்குப் பின்னால் இவ்வளவு கதையா?

கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை உருவாக்கியவர் அவர்தான். அவர் பிறந்த ஜூலை 30, தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த ‘டாக்டர்’ பட்டத்தை வாங்க அவர் பட்ட பாடு பலருக்கும் தெரியாது.

ஸ்கூலுக்குப் போகவே தடை

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் கல்யாணத்தை ஊர் லேசில் ஏற்கவில்லை. பிள்ளைகளும் ஊர்ப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

வயதுக்கு வந்த பெண் தெருவில் இறங்கி ஸ்கூலுக்குப் போவது அன்று நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். சீக்கிரம் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கவலை. முத்துலட்சுமிக்கோ படிப்பு மேல் ஆசை. அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902-ல் பிரைவேட்டாகவே மெட்ரிகுலேஷன் எழுதி பாஸ் செய்தார்.

சீட் கொடுத்தது யார்?

இன்று டாக்டர் ஆக ப்ளஸ் டூ, நீட், கவுன்சலிங் என்று ஒரு வரிசை இருக்கிறது. அன்று மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு எஃப்.ஏ. என்ற 2 வருஷப் படிப்பு. அதை முடித்தால்தான் மெடிக்கல் காலேஜைப் பற்றி யோசிக்கவே முடியும்.

புதுக்கோட்டையில் எஃப்.ஏ. படிக்க ஒரே இடம் மகாராஜா கல்லூரி. அதுவோ ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுக்க வைத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமிதான்.

சென்னையில் 5 வருஷம்

1907-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். அப்போது புதுக்கோட்டைக்கு ரயில்கூட வரவில்லை. சென்னைக்கு வந்து படிப்பது, அதுவும் ஒரு பெண் வந்து படிப்பது, குடும்பமே சேர்ந்து எடுக்க வேண்டிய பெரிய முடிவு. அவருக்கு உடம்பும் அடிக்கடி படுத்தியது. கண் பார்வையும் குறைவு.

அதையெல்லாம் தாண்டி 1912-ல் எம்.பி. அண்ட் சி.எம். பட்டம் வாங்கினார். இன்றைய எம்.பி.பி.எஸ். போன்ற முதல் நிலை மருத்துவப் பட்டம் அது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் என்ற பெயரும் கிடைத்தது. சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் போன்றவர்களின் தாக்கமும் சென்னை வாழ்க்கையில்தான் ஏற்பட்டது.

இந்தியாவின் முதல் பெண் டாக்டரா?

இல்லை. வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் தகவல் இது. அவர் பிறந்த அதே 1886-ல் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டார்கள்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜும் 1875-லேயே 4 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா மருத்துவமனை அவர் முயற்சியில் தொடங்கியதுதான். கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ் 1880-களில் வங்காளத்திலிருந்து இங்கே வந்து படித்தார்.

ஆக, கதவு ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருந்தது. ஊர் ஒதுக்கிவைத்த மரபிலிருந்து வந்த ஒரு பெண் அதற்குள் நுழைந்து, முழுப் படிப்பையும் முடித்துக் காட்டியதுதான் முத்துலட்சுமியின் சாதனை. முதலிடம் என்ற பட்டம் இல்லாமலேயே அது பெரிய விஷயம்தான்.

டிகிரி கையில் வந்த பிறகு?

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். சமமாக நடத்த வேண்டும், தன் வேலைகளில் குறுக்கிடக் கூடாது என்பது அவர் வைத்த கண்டிஷன். அவரும் ஒப்புக்கொண்டார்.

பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேல்பயிற்சிக்காக 1925-ல் லண்டன் போனார். திரும்பி வந்ததும் சென்னை மாகாண சட்ட மேலவையில் நியமன உறுப்பினர். 1927-ல் அதன் துணைத் தலைவர். பிராக்டிஸ் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பொறுப்பை ஏற்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அங்கே தீர்மானமும் மசோதாவும் கொண்டுவந்தார். அந்த வழக்கத்தை முழுதாக ஒழிக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. இந்தியாவில் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் கமிட்டியிலும் அவர் உறுப்பினர். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் மேலவைப் பதவியை விட்டார்.

அதே ஆண்டு, தேவதாசி குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். சென்னை ஹாஸ்டல்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. காலேஜ் சீட்டுக்காகத் தானும் ஒரு காலத்தில் வாசலில் நின்றவர் ஆயிற்றே! தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னர் அது அடையாறுக்கு மாறியது.

தங்கையின் மரணமும் 12 படுக்கைகளும்

வீட்டில் டாக்டர் இருந்தும், அவருடைய தங்கையைக் கேன்சரிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை. அந்த வலி அவரை விடவே இல்லை. லண்டனில் கேன்சருக்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தபோது, இங்கேயும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

அது நடக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நன்கொடை திரட்டி, 1952-ல் நேரு கையால் அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் பிறந்து, அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அடையாறுக்கு வந்த அவர்தான் டாக்டர் வி.சாந்தா. 2021-ல் மறையும் வரை அந்த வளாகமே அவர் வீடு.

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்ம பூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் 81 வயதில் காலமானார். 1984-ல் அடையாறு இன்ஸ்டிடியூட்டிலேயே புற்றுநோயியல் கல்லூரி தொடங்கி, சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புகள் வந்தன. எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்த இளம் டாக்டர்கள் இன்றும் அங்கே ஒரு சீட்டுக்காகப் போட்டி போடுகிறார்கள். பெண் என்பதற்காக யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. சீட் கொடுங்கள் என்று எந்த மன்னரிடமும் அவர்கள் போய் நிற்க வேண்டியதும் இல்லை.