நரம்பா? சுரப்பியா?

குலசேகரன்பட்டினம்னா உங்களுக்கு ராக்கெட் ஏவுதளம் ஞாபகம் வரலாம். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு முதல்ல வர்றது முத்தாரம்மன் கோயில் தசராதான். காளி வேஷம் கட்டி வெயில்ல ஆடுற பக்தரை நினைச்சுப் பாருங்க. வியர்த்து வியர்த்து ரத்தத்துல உப்பு ஏறுது. உடனே ஹைபோதலாமஸ்ல இருக்கிற சில நரம்பு செல்கள் வாசோபிரெசின்ங்கிற ஹார்மோனை விடும்; சிறுநீரகம் தண்ணியை வெளியே விடாம பிடிச்சு வைக்கும்.

நரம்பு செல் ஹார்மோன் சுரக்குமா? சுரக்கும்னு பிடிவாதமா நின்னவர் எர்ன்ஸ்ட் ஷாரர்.

1905-ல் மியூனிக்கில் பிறந்தவர். கார்ல் வான் ஃபிரிஷ்ஷிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1928-ல், ஒரு சின்ன ஆற்றுமீனின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்லுக்குள்ள, சுரப்பியில இருக்கிற மாதிரியே துளித்துளியா ஏதோ இருந்தது. பெரியவங்க நம்பல. செல் அழுகின அடையாளம், சாயம் போட்டதுல வந்த கோளாறுன்னு ஒதுக்கிட்டாங்க.

அவர் சண்டைக்குப் போகல. அடுத்த உயிரினத்தைப் பார்த்தார். மனைவி பெர்ட்டாவும் விஞ்ஞானி. முதுகெலும்பு உள்ளவை எர்ன்ஸ்ட்டுக்கு, இல்லாதவை பெர்ட்டாவுக்குன்னு உலகத்தையே பங்கு போட்டுக்கிட்டாங்க. நாஜி ஆட்சியில் இருக்கப் பிடிக்காம, ஃபிராங்க்ஃபர்ட்டில் வகித்த இயக்குநர் பதவியை விட்டுட்டு 1937-ல் இருவரும் அமெரிக்கா போனாங்க. அங்க பெர்ட்டாவுக்குப் பல வருஷம் சம்பளமே கிடையாது. கரப்பான்பூச்சியை வச்சே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1949-ல் ஜெர்மனியில் பார்க்மன் புதுச் சாயம் ஒன்றைப் போட்டு, அந்தச் சரக்கு ஹைபோதலாமஸில் தொடங்கி பின் பிட்யூட்டரி வரை போறதைக் காட்டினார். 1951-ல் பார்க்மனும் ஷாரரும் சேர்ந்தே கட்டுரை எழுதினாங்க. 23 வயசுல பார்த்ததை உலகம் ஏத்துக்கும்போது ஷாரருக்கு வயசு 46.

1965-ல் ஃபுளோரிடா கடலில் குளிக்கப் போனவர் மூழ்கி இறந்தார். அதுக்கப்புறம் தெரிஞ்சது இன்னும் ஆச்சரியம். தாகம் நீடிச்சா இந்தச் செல்கள் பருக்கும். மின்துடிப்பின் தாளம் மாறும். நடுவுல தடுப்பா நிக்கிற கிளையல் செல்களின் கிளைகள் விலகி, நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். தண்ணி குடிச்சுத் தேறினதும் எல்லாம் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்.

லேப்ல புத்தகத்துல இல்லாத ஒண்ணு உங்க கண்ணுல பட்டா, கோளாறுன்னு அழிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு மீனையும் பாத்துடுங்க.